அழித்த வரி

14 அக்டோபர் 2024, திங்கள்

ஜெர்மனி பல்கலைக்கழக விளம்பரத்தை இன்று நான்காவது முறையாகப் படித்தேன். அண்டவியலில் முதுமுனைவர் ஆய்வுப் பணி. மூன்று வருடம். ஒரே இடம். முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடம் தாண்டியிருக்கக் கூடாதாம். நான் வாங்கியது 2020 மார்ச்சில். அடுத்த விளம்பரம் வரும்போது நான் கிழவி. முப்பத்து மூன்று வயதில்!

இதுவரை பதினொரு இடத்தில் கையை விரித்துவிட்டார்கள். இதுவும் போனால் வானத்தை மொட்டைமாடியிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

21 அக்டோபர்

அடையாறு போய்ச் சண்முகவேல் சாரிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டேன். என் ஆய்வு வழிகாட்டி. எல்லா வழிகாட்டிகளும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்: "நீயே எழுதி அனுப்பும்மா. பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுடறேன்." பார்க்க மாட்டார். கையெழுத்து மட்டும் போடுவார்.

26 அக்டோபர், சனி

என்னைப் பற்றி சார் எழுதுவதுபோல நானே எழுத வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தும் யாரோ எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. 'நேர்மையானவர், உழைப்பாளி, நேரம் தவறாதவர்.' ரேஷன் கடையில் எடை போடுகிறவருக்கும் இதையே எழுதலாம்.

ஒரே ஒரு வரி நன்றாக வந்தது. ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால் இப்படி: 'ஓர் எண் இடித்தால், ஏன் இடிக்கிறதென்று தெரியாமல் இவர் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டார்.' பொய்யில்லை. விண்மீன் மண்டலங்களின் தொலைவுப் பட்டியலில் சாரே கவனிக்காத தவற்றை மூன்று மாதம் உட்கார்ந்து பிடித்தவள் நான். ஆனாலும் படிக்கப் படிக்க உடம்பு கூசியது. தன்னைத் தானே இப்படியா? சார் ஒருவேளை படித்துவிட்டால்? அழித்துவிட்டேன்.

அம்மா நொச்சிக்குப்பம் ரோட்டோரத்தில் மீன் விற்றுவிட்டு வந்தாள். "இன்னாமே, ஒரு லெட்டருக்கு இம்மா நேரமா?" என்றாள். தன் வஞ்சிரம்தான் உசத்தி என்று அவள் கூவுவது பாதி ரோட்டுக்குக் கேட்கும். எனக்கு அந்தப் பக்கம் போகவே வெட்கம்.

2 நவம்பர்

சார் போன் செய்தார். "அறிவுக்கும் ஒண்ணு எழுதிடும்மா. அவன் இங்கிலீஷ்தான் உனக்குத் தெரியுமே. நீ எழுதுனதுன்னு அவன்கிட்ட சொல்லிக்க வேணாம்."

அறிவும் சாரிடம் ஆய்வு செய்தவன்தான், எனக்கு மூன்று வருடம் இளையவன். நல்ல பையன். புனேவுக்கும் சிலிக்கும் விண்ணப்பம் போடுகிறானாம். சார் எல்லா இடத்துக்கும் ஒரே கடிதத்தைத்தான் அனுப்புவார். அடுத்தவரைப் புகழ்வது எவ்வளவு சுலபம்! கை நிற்கவே இல்லை. நான் அழித்த அந்த வரி மனப்பாடமாக இருந்தது. வீணாகப் போவானேன் என்று அவனுக்குப் போட்டுவிட்டேன். அவனுக்கும் பொருந்தாமல் இல்லை.

30 நவம்பர்

ஜெர்மனிக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. சார், அம்மா தவிர யாரிடமும் சொல்லவில்லை. கிடைப்பதற்குள் சொன்னால் கண் பட்டுவிடும் என்பாள் அம்மா. இயற்பியல் படித்தும் நானும் அப்படித்தான்.

16 ஜனவரி 2025

நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்!

"அந்த ஊர்ல மீனு கெடைக்குமா மே?" என்று அம்மா கவலைப்பட்டாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன்.

29 ஜனவரி

கணினி முன்னால் இருபது நிமிடம். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் நேர்காணல் எடுத்த பேராசிரியை கடிதத்தைப் பார்த்துக்கொண்டே, "நேரம் தவறாதவர் என்று உங்கள் வழிகாட்டி எழுதியிருக்கிறார்" என்றார். கிண்டல் இல்லை. சொல்வதற்கு வேறெதுவும் அதில் இல்லை, அவ்வளவுதான்.

18 பிப்ரவரி

இல்லை என்று பதில் வந்துவிட்டது.

19 பிப்ரவரி

எழுந்திருக்கவில்லை. அம்மா சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

2 மார்ச், ஞாயிறு

அறிவு பெசன்ட் நகர் கடற்கரைக்கு வரச் சொன்னான். இனிப்பு டப்பாவோடு நின்றிருந்தான்.

ஜெர்மனி. அதே இடம்.

"கடைசி நாள்ல சும்மா போட்டேன்க்கா. கெடைக்கும்னு நெனைக்கவே இல்ல."

நானும் போட்டிருந்தது அவனுக்குத் தெரியாது. சொல்லவும் தோன்றவில்லை. பிறகு அவனே சொன்னான்:

"இன்டர்வியூல அந்த மேடம் சாரோட லெட்டர்லேர்ந்து ஒரு வரிய படிச்சுக் காட்டுனாங்கக்கா. நம்பர் இடிச்சா இவன் அடுத்த பக்கம் போகமாட்டான்னு. இந்த மாதிரி ஆள்தான் வேணும்னாங்க. சார் மனசுல என்னப் பத்தி இவ்ளோ இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதுக்கா."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சார்கிட்டயும் சொல்லு, சந்தோஷப்படுவார்" என்றேன். ஒரு லட்டு முழுக்கத் தின்றேன்.

வயிறு எரியுது. அவன் மேல இல்ல — அவன் என்ன பண்ணுவான்? என் வரி அது. எனக்கு வெச்சுக்க வெக்கமா இருந்துச்சுன்னு நானே தூக்கிக் குடுத்தேன். யாரக் கேக்கறது?

3 மார்ச்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "லூசா மே நீ?" என்றாள். அப்புறம் அவளே அழுதாள்.

9 ஜூன், திங்கள்

தி. நகரில் ஒரு கோச்சிங் சென்டரில் இயற்பியல் எடுக்கச் சேர்ந்தேன். வாசல் பேனருக்கு ஒவ்வொரு ஆசிரியரைப் பற்றியும் நாலு வரி வேண்டுமாம். மேனேஜர் சகினா தாளை நீட்டினார். "உங்களப் பத்தி நீங்களே நல்லா எழுதிக் குடுத்துடுங்க மேடம்."

பெயர், பட்டம், பாடம். மூன்று வரி ஆயிற்று. நாலாவதாக அந்த வரியை எழுதிப் பார்த்தேன். அறிவைப் பற்றிப் படிப்பதுபோலவே இருந்தது.

அடித்துவிட்டு, 'நேரம் தவறாதவர்' என்று எழுதிக் கொடுத்தேன்.