ஹாரன் அடிக்காத வீட்டில் ஒரு சைலன்சர்

அன்புள்ள என் ஏன்னாவுக்கு,

நான் வண்டிக்கு அடியில் படுக்கவில்லை. அபிராமபுரத்தில் அப்படித்தான் பேச்சாக இருக்கிறது, அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மேற்கு மாம்பலத்தில் உங்கள் தங்கைவரை அது எட்டி, அவள், "மன்னி புடவையை இழுத்துச் செருகிண்டு அண்ணா காரைப் பிரிச்சுட்டாளாமே, பழைய இரும்புக்குப் போடறாளாமே" என்று கோயிலில் வைத்து விசாரித்தாளாம். படுத்தது என் தம்பி அம்பி. நான் பக்கத்தில் மோடா போட்டு உட்கார்ந்து டார்ச் பிடித்தேன். வண்டியைப் பிரிக்கவில்லை, விற்கவும் இல்லை. அடியில் இருந்த சைலன்சரை மட்டும் கழற்றிவிட்டு வேறு மாட்டினோம். அச்சில் வந்தால்தான் இவர்கள் நம்புவார்கள் என்பதால் இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன்.

ஊருக்கு வேண்டியது அவ்வளவுதான். மற்றது உங்களிடம் கேட்க வேண்டியது.

உங்கள் வருஷாப்திகம், முதல் வருஷத் திவசம், நல்லபடியாக நடந்தது. சாஸ்திரிகள் வழக்கம்போல் அவசரப்பட்டார், நான் வழக்கம்போல் முறைத்தேன். மாடியைக் குடித்தனத்துக்கு விட்டிருக்கிறேன். தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார்கள், திருநெல்வேலிப் பக்கம். அந்தப் பெண் பெயர் செண்பகம். கைக்குழந்தைக்காரி. சுத்தமாக இருக்கிறாள், மாடிப்படியில் செருப்பைத் தாறுமாறாக விடுவதில்லை. பெட்ரோல் விற்கிற விலையில் வண்டி எதற்கு என்று எல்லாரும் சொன்னார்கள். நான் விடவில்லை. அம்பி ஆழ்வார்ப்பேட்டையிலிருந்து வந்து எடுத்து, என்னைக் கோயிலுக்கும் பாங்குக்கும் அழைத்துப் போகிறான்.

செண்பகம் ஒரு நாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். "எம்மா, தப்பா நினைக்காதிய. ஒங்க காரு வந்தா பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போடுது. மறுபடி தூங்க வைக்கதுக்குள்ள எனக்கு உசுரு போவுது" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. நம் வண்டிக்கா சத்தம்? "இந்தத் தெருவிலேயே ஹாரன் அடிக்காத வீடு இது ஒன்றுதானம்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? முதல் முதலில் வண்டி வாங்கிய நாளில் நீங்கள் சொன்னது அவளுக்குத் தெரியாதே. சொந்த வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பது, உள்ளே இருப்பவளை விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதுபோல என்று சொன்னீர்கள். அன்றிலிருந்து நீங்கள் அடித்ததில்லை. நானும் அதற்கு அவசியம் வைத்ததில்லை. வண்டி தெருமுனை திரும்பும்போதே எனக்குக் கேட்டுவிடும். நீங்கள் வருவதற்குள் கேட் திறந்திருக்கும். எந்த வண்டி யாருடையது என்று பார்க்காமலே சொல்லுவேன் என்று நான் பெருமை அடித்துக்கொள்ளாத கல்யாண வீடு மயிலாப்பூரில் இருக்கிறதா?

அம்பி குனிந்து பார்த்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

"அக்கா, இது கம்பெனி சைலன்சரே இல்லை. புதுப்பேட்டையில பழைய கார் சாமான் விக்கற கடையில வாங்கி மாட்டினது. உள்ளே ஒண்ணும் கிடையாது, வெறும் குழாய்."

"அத்திம்பேர் அப்படியெல்லாம் பண்ண மாட்டார்."

"பண்ணியிருக்காரே. கோடம்பாக்கத்துல சண்டைக் காட்சிக்கு எடுத்துண்டு போற வண்டி மாதிரின்னா உறுமறது. வக்கீலாச்சேன்னு பயந்துண்டு தெருவுல ஒருத்தரும் வாயைத் தெறக்கலை."

சைலன்சர் என்றால் சத்தத்தை அடக்குவது என்றுதான் கான்வென்டில் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் சத்தம் போடுகிற இதற்கு என்ன பெயர் என்று அம்பியிடம் கேட்டேன். "இதுக்கும் சைலன்சர்னுதான் பேரு அக்கா. எங்க ஆபீசுல வேலையே செய்யாதவனுக்கும் குமாஸ்தான்னுதான் பேரு" என்றான். பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு அவனுக்கு நாக்கு நீண்டுவிட்டது.

பழைய கம்பெனி சைலன்சர் கார் ஷெட்டிலேயே இருந்தது. மேலே இரண்டு கொக்கி அடித்து, உங்கள் பழைய வேஷ்டியில் சுற்றி, கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறீர்கள். இத்தனை நாள் அதை நான் கொசுவலைக் கம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவிழ்த்தால் எண்ணெய் தடவி வைத்தது போல இருக்கிறது, துளித் துரு இல்லை. அம்பி அதை வெளிச்சத்தில் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். "எங்கேயும் ஓட்டை இல்லையே. நன்னா இருக்கறதை எதுக்குக் கழட்டினார்?" என்றான். எனக்கு என்ன தெரியும்? உடைந்த குடையைக்கூட ரிப்பேர் செய்து பிடித்தவர் நீங்கள்.

எஞ்சின் ஆறியிருக்கட்டும் என்று காலையிலேயே ஆரம்பித்தோம். பின் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக்கூடாது என்பீர்களே, அதனால் கட்டை அடுக்கச் சொல்லி, நானே காலால் உதைத்துப் பார்த்த பிறகுதான் அம்பியை உள்ளே விட்டேன். நட்டுகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி வைத்துவிட்டு, காப்பி குடித்து வந்து ஸ்பேனர் போட்டான். ஒன்று திரும்பியது. அடுத்தது திரும்பவில்லை. எஞ்சினோடு சேருகிற இடத்து நட்டை நரசிம்மர்தான் முடுக்கியிருக்க வேண்டும் என்று அடியிலிருந்து சொன்னான்.

அவன் துணி கேட்டான். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன். "ஆணியை வெச்சுண்டு நான் என்ன பண்ண, காலண்டர் மாட்டவா?" என்றான். பிறகு ஏதோ கேட்டான், நான் வேறு ஏதோ கொடுத்தேன். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு உச்சரிப்பு போதாது, வாய்க்குள்ளேயே பேசுவான் என்று அவனைத்தான் கடிந்துகொண்டேன். கடைசியில் குழாய் இரண்டு தொங்கல் ரப்பரையும் விட்டுவிட்டு அவன் மார்மேல் வந்து இறங்கியது. முகமெல்லாம் கரி. கையில் தூக்கினால் அகப்பை மாதிரி லேசாக இருந்தது. கம்பெனி சாமானை மாட்ட அவ்வளவு பாடில்லை.

வண்டியைக் கிளப்பினான். "பார்த்தியா, பூனை மாதிரி இருக்கு" என்றான். நான் பானெட்டில் கை வைத்துப் பார்த்து, ஓடுகிறது என்று தெரிந்துகொண்டேன். லஸ் வரைக்கும் போய்த் திரும்புகிறேன் என்று எடுத்துப் போனான். தெருமாடு உள்ளே வந்து துளசியை மேயும் என்பதால் கேட்டைப் பூட்டி, சாவியை மடியில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தேன்.

அவன் வரவில்லை. நான் அழுக்குத் துணியெல்லாம் மடித்தேன். இன்னும் வரவில்லை. சரியாக முடுக்காமல் நடுரோட்டில் குழாய் விழுந்துவிட்டதோ, அடிகிடி பட்டுவிட்டதோ என்று, மடித்த துணியையே மறுபடி மடித்தேன். உங்களைப் போல அவனும் போய்விட்டால் என்று யோசனை எங்கெங்கோ போயிற்று. தோளில் யாரோ கை வைத்தார்கள். செண்பகம்.

"எம்மா, மாமா வாசல்லயே நிக்காவ. எம்புட்டு நேரமா அக்கா அக்கான்னு கூப்பிடுதாவ."

கேட்டுக்கு வெளியே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அம்பி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஹாரன் அடிக்கவில்லை. நம் வீட்டு வழக்கம் அவனுக்குத் தெரியும்.

"பரவாயில்லையே, உன் சைலன்சர் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறதே, வந்ததே தெரியவில்லை" என்றேன். அம்பி கம்பிக்குள் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டான். மாடியில் குழந்தை அழுவதாகச் சொல்லிக்கொண்டு செண்பகம் படியேறப் போனாள். பாவம், இத்தனை செய்தும் வண்டிச் சத்தத்தில் முழித்துவிட்டதா என்று கேட்டேன்.

"காரு சத்தத்துல இல்லைம்மா. மாமா கூப்பிட்ட சத்தத்துல முழிச்சிட்டா."

மாடியில் தூங்குகிற குழந்தை முழித்திருக்கிறது. நான் கீழே ஹாலில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து என் தலை ஒரு நிலையில் இல்லை. அம்பி எனக்காக ஒரு சமாதானம் கண்டுபிடித்தான். "அத்திம்பேருக்குக் கடைசியில காது மந்தம் அக்கா. எஞ்சின் சத்தம் கேட்டாத்தானே கியர் மாத்த முடியும்? அதுக்குத்தான் இதை மாட்டிண்டிருப்பார்." எனக்கும் அது பிடித்திருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். ரேடியோவைப் பெரிதாக வைத்தது நீங்கள். கச்சேரிக்குப் போனால், "பின்னாடி ஒண்ணும் கேக்கலை, முன்னாடி போயிடலாம்" என்று முதல் வரிசைக்கு இழுத்துப் போனது நீங்கள். கோர்ட்டிலேயே குரலை உயர்த்தாதவர், வீட்டில் என்னிடம் சத்தமாகப் பேச ஆரம்பித்தீர்கள். "ஏன் கத்தறேள், நான் என்ன செவிடா?" என்று நான் கேட்டபோது சிரித்தீர்கள். தன் குரல் தனக்கே கேட்காதவர்கள்தானே அப்படிக் கத்துவார்கள்?

ஆனால் காலையில் பால்காரன் மணி எப்போதும் உங்களுக்குத்தானே முதலில் கேட்டது? நீங்கள் போன பிறகு அவன் ஒழுங்காக வருவதில்லை என்று கண்டித்தேன். மணி அடித்தேனே அம்மா என்றான். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். குளியலறையிலிருந்து "துண்டு" என்று கூப்பிடுகிற பழக்கத்தை ஒரு நாள் விட்டுவிட்டீர்கள், நீங்களே எடுத்துப் போனீர்கள். வயதான காலத்தில் மனுஷருக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். எதைச் சொல்வதானாலும் எழுந்து வந்து என் எதிரே நின்றுகொண்டு சொன்னீர்கள். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். அது என்ன?

ஒரு மழைக்காலத்தில் நான் கேட்டுக்கு வரும்போது நீங்கள் வண்டியை விட்டு இறங்கி நனைந்து நின்றிருந்தீர்கள். எவ்வளவு நேரமாக என்றதற்கு, "இப்போதான் வந்தேன்" என்றீர்கள். பனியன் வரைக்கும் நனைந்திருந்தது. அப்படிச் சில தடவை நடந்தது. பிறகு நடக்கவில்லை, மறுபடியும் தெருமுனையிலேயே வண்டி கேட்க ஆரம்பித்துவிட்டது. கொஞ்சம் கரகரப்பாகக் கேட்டதாக ஞாபகம். வயதானால் வண்டிக்கும் குரல் தடிக்கும் போல என்று இருந்துவிட்டேன். இப்போது யோசித்தால், புதுப்பேட்டைக்கு நீங்கள் போனது அந்த மழைக்குப் பிறகா? அங்கே கடைக்காரனிடம் என்ன சொல்லிக் கேட்டீர்கள்? சத்தமாக ஒன்று கொடு என்றா?

கான்வென்டில் ஒரு சிஸ்டர் ஸ்கேலால் மேசையைத் தட்டி, காதில் விழுவது வேறு, காது கொடுப்பது வேறு, வினவுவது வேறு என்று மூன்று தனித்தனி இங்கிலீஷ் சொற்களை எங்களுக்கு மனப்பாடம் செய்வித்தார். தமிழில் மூன்றுக்கும் கேட்பது ஒன்றே போதும். வண்டிச் சத்தம் மாறியபோது நான் கேட்கவில்லை. இதை எந்த அர்த்தத்தில் எழுதுகிறேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

உங்கள் காதுக்காக என்றால் நான் நிம்மதியாக இருந்துவிடலாம். என் காதுக்காக என்றால், கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நிமிர்ந்து நின்றேனே, அதைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு சாயங்காலமும் உள்ளே வந்தீர்களா? ஒரு தடவைகூட உதடு கோணாமல்? நன்றி சொல்வதா, சண்டை போடுவதா? இரண்டுக்கும் ஆள் இல்லை.

புதுப்பேட்டைக் குழாயைக் கரி துடைத்து, அதே வேஷ்டியில் சுற்றி, அதே கொக்கியில் தொங்கவிடச் சொன்னேன். "மறுபடி மாட்டணும்னா சொல்லு அக்கா, இனிமே அந்த நட்டு என் பேச்சைக் கேக்கும்" என்றான் அம்பி. வேண்டாம் என்றேன். குழந்தை தூங்கட்டும். வாசல் கேட்டுக்கு இன்னொரு சாவி செய்து அவனிடம் கொடுத்திருக்கிறேன். ஹாரன் அடிக்கலாம் என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காது டாக்டரிடம் போகிறேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். அம்பியைக் கூட்டிக்கொண்டு போவேன், வழியில் திரும்ப மாட்டேன். ஆனால் உட்கார்ந்ததும் அவர் கேட்கப் போகிற முதல் கேள்வி எனக்குத் தெரியும். எப்போதிலிருந்து இப்படி என்பார். இந்த வீட்டில் அது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஆகவே எப்போதிலிருந்து என்பதைத் தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். கனவில் வந்து சொல்ல வேண்டாம். எனக்குக் கேட்காது.

இப்படிக்கு,
உங்கள் ஆத்துக்காரி
விசாலாட்சி