இது பஞ்சி இல்லை, அம்மா

அம்மா,

இன்று காலை ரசத்துக்கு மிளகு இடித்தேன். உங்கள் இரும்பு உலக்கை இப்போது என் குசினியில்தான் இருக்கிறது. நீங்கள் போன பிறகு லண்டன் விம்பிள்டன் வீட்டை ஒதுக்கியபோது தங்கச்சி உங்கள் சங்கிலியை எடுத்தாள், நான் இதை எடுத்தேன். மிளகும் உள்ளிப்பூண்டும் நசுங்கி மணம் எழும்பியதும் என் கன்னம் சுட்டது. எல்லாருக்கும் அந்த மணத்தில் பசி வரும். எனக்கு உங்கள் கை நினைவு வருகிறது.

நன்றாக அடிப்பீர்கள். மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. அகப்பைக் காம்பு, உடுப்புக் கொழுவும் ஹேங்கர், ஒன்றும் அகப்படாவிட்டால் வெறும் கை. பதினைந்து வயதில் எனக்குக் கட்டிலைவிட்டு எழும்ப முடியாமல் போனது. சாப்பாடு இறங்கவில்லை, அழுகைகூட வரவில்லை. வெறும் சோம்பல் என்று நினைத்து, அதற்குப் பஞ்சி என்று பெயர் வைத்தீர்கள். போர்வையை இழுத்துப்போட்டு விளாசிவிட்டு ஷிப்டுக்குப் போவீர்கள்.

மின்ஜிக்கும் அதே வருத்தம்தான். என் வகுப்பில் படித்த கொரியப் பிள்ளை, நியூ மோல்டனில் வீடு. சனிக்கிழமை அவளுக்குக் கொரியப் பள்ளிக்கூடம், எனக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஞாயிறு இருவருக்கும் டியூஷன். கொரியாவில் பொறியியலாளராக இருந்த அவள் தகப்பன் இங்கே கடையில் மீன் வெட்டினார். தான் இழந்ததெல்லாம் மகளின் மார்க்கில் திரும்பி வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அவள் பேச்சையே நிறுத்திவிட்டாள். வெயில் காலத்திலும் நீளக் கைச் சட்டை. எங்கள் வீட்டுக்கு வந்தால் சோபாவில் சுருண்டு கிடப்பாள். நீங்கள் அவளுக்குப் புட்டுக் குழைத்துக் கொடுத்து, தலையைத் தடவி, "பாவம், பிள்ளைக்கு மனம் சரியில்லை" என்பீர்கள். அதே சோபாவின் மற்ற மூலையில் நான் இருந்தேன். எனக்கு மட்டும் பஞ்சி.

ஒரு பின்னேரம் அவள் உதடு கிழிந்து ஓடிவந்தாள். பரீட்சையில் மார்க் குறைந்துவிட்டதாம். தகப்பன் பின்னாலேயே வந்துவிட்டார். நீங்கள் கதவைப் பூட்ட, அவர் கதவுக் கண்ணாடியைக் குத்தி உடைத்து, உள்ளே கையை விட்டுப் பூட்டைத் தேடினார். நீங்கள் குசினியிலிருந்து உலக்கையோடு பாய்ந்து வந்து அந்தக் கையில் ஒரே போடு போட்டீர்கள். எலும்பில் இரும்பு விழுந்த சத்தம் இன்னும் என் காதில் கிடக்கிறது. கதவைத் தள்ளிப் பிடித்த உங்கள் வலது உள்ளங்கையையும் உடைந்த கண்ணாடி கிழித்தது. தெரிந்த இங்கிலிஷ் முழுவதையும் திரட்டிக் கத்தினீர்கள்.

"மை ஹவுஸ். நோ பீட்டிங்."

அவர் போய் வாசல் மதிலில் குந்தி, கையைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். பக்கத்து வீட்டுக்காரி பொலிசுக்குப் போன் அடித்துவிட்டாள்.

நியாயமாகப் பார்த்தால் நான் உங்களைக் கட்டிப்பிடித்திருக்க வேண்டும். நானோ உங்களைப் பார்த்துக் கத்தினேன்.

"அவளுக்கு விழுந்தா அடி. எனக்கு விழுந்தா வளர்ப்போ?"

அறைந்தீர்கள், அந்த இரத்தக் கையாலேயே. என் கன்னம் முழுக்க உங்கள் இரத்தம். அடுத்த அறைக்குக் கை எழும்பியபோது, மாதக்கணக்காக வாய் திறக்காத மின்ஜி நம் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். கைகளை விரித்து உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"ஆன்ட்டி, நோ பீட்டிங்."

நீங்கள் உடைந்த கண்ணாடியூடாக வெளியே பார்த்தீர்கள். அவர் இன்னும் அழுதுகொண்டிருந்தார். உலக்கையைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே நீங்களும் குந்திவிட்டீர்கள்.

பொலிஸ் வந்து போன பிறகு மின்ஜியை அவளுடைய சின்னம்மா தன்னோடு கூட்டிப்போனார். அடுத்த கிழமை நீங்கள் லீவு போட்டு, கையில் கட்டோடு என்னை டொக்டரிடம் கூட்டிப்போனீர்கள். வழக்கம்போல மொழிபெயர்ப்பு நான். என்ன செய்கிறது என்று அவர் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் என் முதுகில் கையை வைத்தீர்கள். அடிக்கப் போகிறீர்கள் என்று ஒடுங்கினேன். கை அங்கேயே இருந்தது.

"சொல்லு பிள்ளை. இது பஞ்சி இல்லை எண்டு அவரிட்டச் சொல்லு."

அதற்குப் பிறகு நீங்கள் என்னை அடித்ததில்லை, மன்னிப்பும் கேட்டதில்லை. மன்னித்துவிட்டேன் என்று நானும் எழுதமாட்டேன். செத்தவருக்குப் பொய் எழுதி என்ன பயன். உங்கள் செத்தவீட்டுக்கு மின்ஜி வந்தாள். பெட்டியருகே நின்று அந்தத் தழும்புக் கையைக் கனநேரம் பிடித்திருந்தாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளுக்கு அந்தக் கையில் காப்பாற்றிய பக்கம் மட்டும்தான், எனக்கு அடித்த பக்கமும் இருந்தது.

நேற்றும் என் மகள் கட்டிலைவிட்டு எழும்பவில்லை. போர்வையை இழுத்தேன். வாயில் முதலில் வந்த சொல் பஞ்சி. கையும் ஓங்கிவிட்டது, அம்மா. அவள் கண்ணை மூடித் தலையை ஒடுக்கினாள். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். பிறகு எனக்கே கேட்கும்படி உரத்துச் சொன்னேன். "மை ஹவுஸ். நோ பீட்டிங்."

அவள் ஒரு கண்ணைத் திறந்து, இது என்ன இங்கிலிஷ் என்று கேட்டாள். உன் அம்மம்மாவுடையது என்றேன்.

ரசம் கொதிக்கிறது. பின்னேரம் டொக்டரிடம் கூட்டிப்போகிறேன். அவளுக்கு வாய் வராவிட்டால் முதுகில் கையை வைப்பேன். அவள் ஒடுங்கினாலும் எடுக்கமாட்டேன்.