முதல்வர் அறைக் காட்சி

ஜூலை 22, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு முருங்கையில். கேட்கக் கூச்சம். அவர்களாகவே மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மெய்யப்பன் போன். கல்லூரியில் எங்கள் பாட்டுக் கோஷ்டிக்கு டிரம்ஸ் அவன்தான், கிட்டார் நான். இப்போது கொத்தமங்கலத்துப் பூர்வீக வீட்டை விடுதியாக்கி நடத்துகிறான். சனிக்கிழமை அங்கே படம் போடுகிறானாம். எந்தப் படம் என்று கேட்கவே வேண்டாம். அறுபதுகளில் கிட்டாரும் கையுமாகத் திரிந்த கல்லூரிப் பையன்கள் கதை. வந்து முப்பது வருடம் இருக்கும். எங்களுக்குள் அதற்கு "நம்ம படம்" என்றே பெயர்.

"முடிஞ்சதும் நீதாண்டா பேசணும் வாத்தியாரே. இன்னைக்கும் நிக்குதா, இல்ல ஊத்திக்கிச்சான்னு. பத்தே நிமிசம். கணக்குப் பாடம் நடத்திக் கொட்டாவி விட வச்சிறாத."

சரி என்றுவிட்டேன். பிறகுதான் சொன்னான், ஸ்டெல்லாவும் வருகிறாள் என்று. மாதா கோயில் பாடல் குழுவிலிருந்து வந்து எங்களோடு ஒரு மாதம் ஒத்திகை பாடியவள். மேடை ஏறவில்லை. அவளும் டீச்சர் வேலையில் இருந்து ஓய்வு; மகனோடு செக்காலைக்குக் குடிவந்து மூன்று மாதமாம்.

பிரஷர் மாத்திரை இரண்டு தடவை போட்டேனோ என்று சந்தேகம்.

ஜூலை 24, வியாழன்

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். குறிப்பு:

நிற்பவை: பாட்டுகள். முக்கியமாக, மழையில் சைக்கிள் மிதிக்கும் பாட்டு. கிட்டாரில் நான்கே கார்டு பிடித்தால் போதும். இன்றும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன்.

நிற்காதவை: பெல்பாட்டம் நாலைந்து வருடம் முந்தியே வந்துவிடுகிறது. வால்வு ரேடியோ, திருகிய நொடியில் பாடுகிறது (எங்கள் வீட்டு ரேடியோ சூடாவதற்குள் பாதிப் பாட்டு போய்விடும்). கதாநாயகனின் இடது கை கிட்டாரில் நகர்வதே இல்லை. குண்டுப் பெண்ணை வைத்துக் கேலி. அன்று நானும் சிரித்தவன்தான். பாடகியாக வரும் பெண்ணுக்கு வசனம் மொத்தம் ஏழு. அதில் மூன்று "சரி".

ஒரு காட்சியை எந்தப் பக்கமும் எழுத முடியவில்லை. பெண்பிள்ளை மேடையில் பாடக் கூடாது என்கிறார் கல்லூரி முதல்வர். பையன்கள் அவர் அறை வாசலில் நின்று மன்றாடுகிறார்கள். கதவு சாத்தப்படுகிறது. தியேட்டரே அழுத காட்சி. நானும், பார்த்த ஒவ்வொரு முறையும்.

எங்கள் விஷயத்தில் யாரும் வாசலில் நிற்கவில்லை. எங்கள் முதல்வர் சாமியார், ஃபாதர் என்போம். அவர் எதுவும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பயம். போய்க் கேட்கவும் பயம். ஆண்டுவிழா நிகழ்ச்சி நிரலைத் தட்டச்சு செய்தவன் நான். ஸ்டெல்லா பெயரை விட்டுவிட்டு அடித்தேன். அவளிடம் போய், "ஃபாதர் வேணான்னுட்டாரு, எவ்வளவோ கெஞ்சிப் பாத்தேன்" என்றேன். மெய்யப்பனிடமும் அதையே.

ஐம்பத்தெட்டு வருடம். இதுவரை எங்கும் எழுதியதில்லை.

ஜூலை 26, சனி

மூன்று மணிக் காட்சி. நாற்பது நாற்காலி, இருபத்திரண்டு பேர். விடுதியில் தங்கியிருந்த வெளிநாட்டுத் தம்பதி இடைவேளையில் நழுவிவிட்டார்கள். ஸ்டெல்லாவுக்குத் தலை முழுக்க வெள்ளை. குரல் அதே குரல்.

"லூயிஸ் அண்ணே! நல்லா இருக்கீகளா? முழிக்கிறதப் பாத்தா என்னையத் தெரியல போல."

தெரிந்தது என்று சொல்வதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள். பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

முதல்வர் அறைக் காட்சி வந்தது. என் பக்கம் சாய்ந்து மெதுவாக: "அப்படியே நம்ம கததான். எனக்காகப் போயி கெஞ்சினீகள்ல? அதுனாலதான் ஒங்க மேல மட்டும் எனக்குக் கோவமே வரல."

பிறகு படத்தில் என்ன நடந்தது, தெரியாது.

பேசினேன். பெல்பாட்டம், ரேடியோ, இடது கை. சிரித்தார்கள். அந்தக் காட்சி பற்றி ஒரு சொல் இல்லை. பாட்டுகளுக்காகவே படம் நிற்கும் என்று முடித்தேன். கைதட்டல்.

மெய்யப்பன்: "பரவால்லடா, எவனும் தூங்கல."

ராத்திரிக்கு இரண்டு இட்லி. ஒன்று அப்படியே தட்டில்.

ஜூலை 27, ஞாயிறு

பூசை முடிந்து ஆட்டோவில் செக்காலை. அவள் வீட்டைத் தாண்டி இரண்டு முறை நடந்தேன். நடுவில் ஒரு கடையில் தேவையில்லாமல் சோப்பு. மூன்றாம் முறை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள்.

"அங்குட்டும் இங்குட்டும் ரோட்ட அளக்குறீகளாக்கும். உள்ள வாங்க அண்ணே."

மனப்பாடம் செய்துபோன வரிசை குலைந்துவிட்டது. முடிவைத்தான் முதலில் சொன்னேன். ஃபாதர் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் என்று. மற்றதெல்லாம் தலைகீழாக.

கத்துவாள் என்று நினைத்தேன். எழுந்து போய்க் காபி போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"ஃபாதர் செத்தப்ப ஊரே அடக்கத்துக்குப் போச்சு. நான் போகல. தலவலின்னு படுத்துக்கிட்டேன். 'ஒங்கப்பாவ அடக்கம் பண்ணி வச்ச சாமியாருடி'ன்னு எங்கம்மா அழுதாக. அப்பவும் போகல."

அவ்வளவுதான். காபி ஆறிப்போனது, இருவருக்கும். நான் கிளம்பியபோது அவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பட்டியலை முடித்தேன். மு. அறைக் காட்சி: நிற்காதவை பக்கம்.

ஜூலை 28, திங்கள்

போன் இல்லை. சார்ஜ் இருக்கிறதா என்று நாலைந்து தடவை பார்த்தேன். இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

தூறல் போட்டு நின்றுவிட்டது. கரண்ட் பில், கண் டாக்டர், இரண்டும் பாக்கி.

பத்து மணிக்கு ஸ்டெல்லா. எடுத்ததும் நேரே விஷயம்.

"ஃபாதர் ஆத்துமாவுக்குக் கோயில்ல பூசை எழுதிக் குடுத்துட்டேன். வெள்ளிக்கிழம காலைல ஆறு மணி. நீங்களும் வாரீக. மெய்யப்பண்ணனையும் கூட்டியாங்க. எதுக்குன்னு நீங்களே வாயத் தொறந்து சொல்லிக் கூட்டியாங்க."

வருகிறேன் என்றேன். மன்னித்தாயா என்று கேட்கவில்லை. கேட்டது போலவே பதில் வந்தது.

"மொதல்ல நான் அவருகிட்ட மன்னிப்புக் கேட்டு முடிச்சுக்கிறேன். ஒங்கள அப்புறமாப் பாத்துக்கலாம்."