மூன்று முறை எழுதிய பெயர்ப்பலகை

என்னங்க,

உயிரோடு இருந்தபோது கூப்பிட்டது போலவே கூப்பிடுகிறேன். இப்போதும் முதல் குரலுக்கே திரும்பிப் பார்க்க மாட்டீர்கள், தெரியும்.

நீங்கள் கொண்டாடிய அந்த அமெரிக்க மென்பொருள் கம்பெனியை விற்றுவிட்டார்கள். நீங்கள் போன பிறகு நடந்ததில் இதைச் சொல்லத்தான் எனக்கு மனம் வரவில்லை.

சுரங்க அலுவலகக் கணினிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றதும், மந்தாரக்குப்பத்தில் அறை எடுத்து நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தீர்கள். அந்த அமெரிக்கக் கம்பெனியின் மென்பொருளில் மட்டும்தான். மற்றவர்களுடையதில் எழுதியதை ஓட்டிப் பார்ப்பதற்குள் டீ ஆறிவிடும், இதில் ஒரு விசையைத் தட்டினால் போதும் என்பீர்கள். தவறு எந்த வரியில் என்பதையும் அதுவே காட்டும். மாணவர்களும் வாங்கக்கூடிய விலை. ஊரெல்லாம் அதைத்தானே படித்தது? அந்தக் கம்பெனியின் பெயரையே பலகையில் எழுதி மாட்டினீர்கள்.

பிறகு அவர்களுக்குப் பெரிய நிறுவனங்களின் மேல் ஆசை வந்தது. சிறியவர்களை மறந்தார்கள். நல்ல பொறியாளர்கள் போட்டிக் கம்பெனிக்குப் போனார்கள். கம்பெனி பெயரை மாற்றியது; நீங்களும் பலகையை மாற்றினீர்கள். சில வருடத்தில் பழைய பெயருக்கே திரும்பினார்கள். பெயிண்டர் அந்தோணி ஏணியில் நின்றுகொண்டே கேட்டது நினைவிருக்கிறதா?

"சார், இந்த வாட்டியாவது காயற வரைக்கும் உடுவாங்களா, கேட்டுச் சொல்லுங்க."

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது வகுப்பை நடத்தும் உங்கள் மாணவி ஸ்டெல்லா போன வாரம் வந்தாள். "அம்மா, புள்ளைங்க வந்து பார்த்துகினு போயிடுதுங்க. இதப் படிச்சா வேலை கிடைக்குமான்னு கேட்குதுங்க. நான் என்னங்கம்மா சொல்றது? புதுசு சொல்லித் தரலைன்னா பூட்டிட வேண்டியதுதான்."

"சாருக்குப் பிடிக்காது" என்றேன்.

"சாருக்குப் புள்ளைங்க வராததுதாங்கம்மா பிடிக்காது."

கான்வென்டில் படித்த எனக்கு எதிர்ப்பேச்சு பிடிக்காது. ஆனால் அவள் சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் கடலூருக்குப் பேருந்தில் போய்ப் படிக்க முடியாது என்றுதானே இங்கே அறை எடுத்தீர்கள்? திங்கட்கிழமை முதல் புதிய மென்பொருளைத் தொடங்கச் சொல்லிவிட்டேன். நானும் உட்கார்ந்து பார்த்தேன். திறக்கவே நேரமாகிறது. உங்களைப் போலவே உச்சுக்கொட்டினேன். ஸ்டெல்லா கேட்காதது போல இருந்தாள்.

கோபம் வேண்டாம். ஒரு வாக்கு கொடுக்கிறேன். புதியதிடம் வேலை மட்டும் வாங்குவோம். அதன்மேல் பாசம் வைக்க மாட்டேன். அவ்வளவு பாசம் வைக்க இந்த வீட்டில் ஒருவருக்குத்தான் தெரிந்திருந்தது.

இன்னும் உங்களோடு வாதாடிக்கொண்டிருக்கும்
உங்கள் மனைவி