துரைக்கு இறகு கொட்டிய கதை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, சின்னவள், கோழிகள் எல்லோரும் சௌக்கியம், சிரித்துச் சிரித்து விலா வலிப்பதைத் தவிர. உன் சௌக்கியத்தை நீ போனில் சொல்லி நான் நம்புவதாயில்லை, நேரில் பார்த்தால்தான் நம்புவேன். தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது என்று நீ சொன்னதிலிருந்து அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், அண்ணன் பக்கத்துல நிக்காத கல்யாண போட்டோ எனக்கு எதுக்கு, கேமராக்காரரை வரவேணாம்னு சொல்லிடுங்க என்கிறாள். அந்த லீவு விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், இப்போதே அங்கே தாவிப் படிக்காதே. முதலில் துரை கதையைக் கேள்.

துரையைப் பற்றிப் போனில் சொல்லியிருக்கிறேனே, பின்பக்க வேலிக்கு அப்பால் இருக்கும் காட்டிலிருந்து விடிந்ததும் வந்து நம் கோழிகளுக்குப் போட்ட தானியத்தில் பங்கு கேட்கும் காட்டுச்சேவல், அவன்தான். கழுத்தெல்லாம் செம்பொன்னாய் மின்னும், வால் வளைந்து தொங்கும், நடையில் அப்படியொரு மிதப்பு, அதனால்தான் அப்பா துரை என்று பேர் வைத்தார். நம் வாயாடிக் கோழி இருக்கிறாளே, நாள் முழுக்கக் கொக்கரிப்பவள், அவன் தலையைக் கண்டால் மட்டும் வாயை மூடிக்கொண்டு வேலியோரம் போய் நிற்பாள். வீட்டுச்சேவல் தொந்தியன் கூண்டின் மேல் ஏறி ஒரு கத்து கத்திவிட்டு, வீரம் காட்டியாயிற்று என்று இறங்கிவிடுவான். இப்படி இருக்கையில் மழை தொடங்கியதும் துரையைக் காணோம். அதற்குப் பதிலாக ஒரு சோனிப்பயல் வர ஆரம்பித்தான், கழுத்தில் குட்டைக் குட்டையாய்க் கறுப்பு இறகு, வால் இருக்கவேண்டிய இடத்தில் வாலே இல்லை, கொண்டையும் சுருங்கிப்போய்க் கிடக்கிறது, வாயைத் திறந்து கூவுவதுகூட இல்லை. இவன்தான் நம் துரையை விரட்டிவிட்டான் என்று ஒரு நாள் தோன்றும், பக்கத்து வீட்டு எலக்ட்ரீசியன் அடுப்பில் ஏற்றிவிட்டார் என்று மறுநாள் தோன்றும். அவர் ஒரு தடவை துரையைப் பார்த்து நல்ல கனமா இருப்பான் போலயே என்று சொன்னதை நான் மறக்கவில்லை. சந்தேகம் தாங்காமல் அவர் வீட்டுக் குப்பைத்தொட்டியை ஒரு குச்சியால் கிளறினேன், சிவப்பு இறகு கிடக்கிறதா என்று. வயர் துண்டுகள்தான் வந்தன, பின்னாலேயே அவரும் வந்துவிட்டார். என்னக்கா தேடுறீங்க என்றார், தோடு விழுந்துடுச்சு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். பாவம், அந்த மனுஷர் மழையில் குந்தி உட்கார்ந்து என் கூடவே தேடினார்டா, என் இரண்டு காதிலும் தோடு ஆடிக்கொண்டிருக்கிறது!

அந்த ஆத்திரத்தையெல்லாம் சோனிப்பயல் மேல் காட்டினேன். தினமும் விளக்குமாற்றோடு துரத்து துரத்து என்று துரத்தினேன். அவன் ஓடுவான், நான் உள்ளே வந்ததும் திரும்பி வருவான், வெட்கங்கெட்டவன். அதைவிட எனக்குப் பொறுக்காதது என்னவென்றால் வாயாடி பழையபடி வேலியோரம் போய் அவன் பக்கத்தில் நிற்கிறாள். அடிப்பாவி, துரை போய் நாலு நாள் ஆகல, அதுக்குள்ள உனக்கு இன்னொருத்தனா என்று அவளைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், அதன் அர்த்தம் எனக்குப் போன செவ்வாய்க்கிழமைதான் விளங்கியது. அன்றைக்கு வனக்காவலர், இடுப்புப் பெருத்துவிட்டதால் தன் யூனிஃபார்ம் பேன்ட்டைப் பிரித்துத் தைக்க அப்பாவிடம் கொண்டுவந்திருந்தார். நான் விளக்குமாற்றோடு ஓடுவதைப் பார்த்துவிட்டு, அக்கா, யாரை விரட்டுறீங்க, இவன்தான் உங்க துரை, அந்தச் சாம்பல் நிறக் காலைப் பாருங்க, ஓடும்போது பின்னாடி வெள்ளையாத் தெரியுது பாருங்க என்று கத்தினார். குஞ்சு பொரிக்கும் காலம் முடிந்ததும் காட்டுச்சேவலுக்கு அந்தப் பகட்டு இறகெல்லாம் கொட்டிப்போகுமாம், சில மாதம் இப்படிக் கறுத்துப்போய்ச் சத்தமில்லாமல் திரியுமாம், பிறகு முளைக்குமாம். உலகத்திலுள்ள வீட்டுக்கோழிகள் எல்லாவற்றுக்கும் பூர்வீகம் இந்தக் காட்டு வம்சம்தானாம், ஆனால் வீட்டோடு வந்து சேர்ந்த தொந்தியன் மாதிரிச் சேவல்கள் வருஷம் முழுக்க மினுக்கிக்கொண்டே இருக்குமாம். கலப்பானதற்கு இப்படிக் கொட்டாது, கொட்டினால்தான் அது அசல் என்றார்.

அவ்வளவுதான், அப்பா பேன்ட்டை மெஷினில் பாதித் தையலோடு விட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் ஓடினார். தன் வழுக்கையைத் தடவித் தடவி, கேட்டியாடி, கொட்டினால்தான் அசல், கொட்டினால்தான் அசல் என்று ஒரே குதி. இப்போது துணி தைக்க வருகிறவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுவிட்டுத்தான் அளவு கொடுக்க முடிகிறது.

இப்போது உன் லீவுக்கு வருகிறேன். வெயில் காலத்தில் ரூமுக்குள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு பேசினாய், அப்புறம் கேமரா கெட்டுவிட்டது என்றாய், அப்புறம் அப்பாவிடம் மட்டும் உங்களுக்கு எந்த வயசுல கொட்ட ஆரம்பிச்சது, அம்மாகிட்ட சொல்லாதீங்க என்று கேட்டாயாம். அவர் வயிற்றில் என்றைக்கடா ஒரு வார்த்தை தங்கியிருக்கிறது? உன்னைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள் என்றா கூடப்பிறந்தவள் கல்யாணத்துக்கு வராமல் இருப்பாய்? எனக்கு அழுகை வந்துவிட்டது, உன் முடி போனதற்கு இல்லை, அதற்காக என்னிடம் ஒளிந்தாயே, அதற்கு. துரைக்குத் திரும்ப முளைக்கும், உனக்கு முளைக்காது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், கண்ட கண்ட எண்ணெயில் காசைக் கொட்டாதே. அத்தனை இறகும் போய், கூவக்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டு, அவன் நம் வேலியைத் தேடித்தான் தினமும் வந்தான். ஒரு கோழிக்கு அவனை அடையாளம் தெரிந்தது, பத்து மாதம் சுமந்தவளுக்கு உன்னைத் தெரியாதா?

நேரத்துக்குச் சாப்பிடு, இராத்திரி போனை நோண்டாதே. உனக்கான சட்டையை அப்பா தைத்து முடித்துவிட்டார், தொப்பிக்குத் துணி தர மாட்டாராம். டிக்கெட் எடுத்ததும் தங்கச்சிக்குச் சொல், கேமராக்காரருக்கு அவள் பதில் சொல்ல வேண்டும். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, ஆனால் கல்யாணத்தன்று இங்கே இரு. விளக்குமாற்றை எடுத்து ஒளித்து வைத்துவிட்டேன், தைரியமாக வா.

உன் முன்தலையில் முத்தத்துடன், இப்போது இடம் தாராளமாக இருக்கும்,
அம்மா