ஆணியில் தொங்கும் பேட்ஜ்

அன்புள்ள சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். உன்னைத்தான் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது. போனில் இதைப் பேச வந்தால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு இருமல் விட்டது. தம்பி புது வேலைக்குப் போகிறான், தினமும் பஸ்ஸை விட்டுவிட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறான். நர்ஸாக இருந்த நீ இருதய எக்ஸ்ரே அறைக்கென்று தனிப் பயிற்சி எடுப்பதை அப்பா ஒருவர் விடாமல் எல்லோரிடமும் சொல்கிறார். எம்பொண்ணு ரத்தக்குழாய்க்குள்ள போற கம்பியை டாக்டருக்கு எடுத்துக் குடுக்குறா, உங்க வீட்ல யாருக்காவது அந்தத் தைரியம் இருக்கா என்று கேட்டுக் கேட்டு, மாடி வீட்டுக்காரர் இப்போது இவரைக் கண்டாலே படியேறி ஓடுகிறார். நீ சான்றிதழ் வாங்கும் அன்று தான் போட்டுக்கொள்ள என்னிடம் சட்டை வேறு தைக்கச் சொல்லியிருக்கிறார். நீ உண்டாகியிருப்பது அவருக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கும் நீ சொல்லவில்லை. யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாய், நானும் வாயை மூடிக்கொண்டு அந்தச் சட்டைக்குக் காஜா எடுக்கிறேன்.

சொன்னால் அந்த அறையிலிருந்து எடுத்துவிடுவார்கள், அடுத்த வருடம் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்கிறாய். அதுகூடப் புரிகிறது. ஆனால் உடம்பில் எக்ஸ்ரே கதிர் எவ்வளவு பட்டது என்று கணக்கு வைக்கும் பேட்ஜை, நேரம் இழுக்கும் கேஸ் வந்தால் எல்லோரும் கழற்றிக் கதவுக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறீர்களாமே. எண் ஏறினால் உள்ளே விடமாட்டார்களாம். பேட்ஜுக்கு லீவு விட்டிருக்கோம்மா என்று சிரிப்பு வேறு. பேட்ஜை மாட்ட ஆணி இருக்கிறது, வயிற்றில் இருப்பதை எங்கே மாட்டிவிட்டுப் போவாய்? கழற்றவே கூடாது என்று முதல் வகுப்பிலேயே சொன்னார்கள் என்று எனக்கு ஒப்பித்தவளே நீதானே. கேட்டால், ஈயக் கோட்டு போட்டிருக்கேன்ல, சும்மா பயப்படாதே என்கிறாய். அது ஆம்பளை அளவு, தோளில் நிற்கவில்லை, அக்குள் பக்கம் வாயைப் பிளக்கிறது என்று புலம்பியதும் நீதான். தெருவுக்கே அளவெடுத்துத் தைக்கிறேன், உனக்கு ஒரு ஈயக் கோட்டு தைத்தனுப்ப எனக்கு வக்கில்லை.

இன்று காலை மனசு கேட்காமல் உன் பயிற்சி அலுவலகத்துக்குப் போன் போட்டேன். உங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் மேடமே எடுத்தார், யாருங்கம்மா பேசுறது என்று தன்மையாகக் கேட்டார். ராங் நம்பருங்க என்று வைத்துவிட்டேன். போன் போட்டவளே ராங் நம்பர் என்றால் அவர் என்ன நினைத்திருப்பாரோ. நான் சொல்லிவிட்டால் இனி நீ என்னிடம் எதையுமே சொல்ல மாட்டாய். சொல்லாமல் இருந்தால் தூக்கம் வரவில்லை. இங்கிருந்து எனக்குக் கை எட்டவில்லை சிட்டு.

நீயும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு கேட்கத் தெரியவில்லை. இது கிடைத்த அன்றே, அறைக்குள் நுழையும் முன், மேடமிடம் நீயே சொல்லிவிடு. அவர் திட்டினால் என்னைக் கூப்பிட்டு அழு, எவ்வளவு நேரமானாலும் கேட்கிறேன். சொல்லாமலே உள்ளே போனால் மட்டும், நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல என்னைக் கூப்பிடாதே.

இப்படிக்கு,
போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருக்கும்
உன் அம்மா