சுபத்தில் முடியும் பக்கங்கள்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே சுள்ளென்று வெயில். திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட் எதிரே எங்கள் ஜெராக்ஸ் கடை. ஃபேன் ஓடுகிறது, காற்றுதான் இல்லை. வருமானச் சான்று விண்ணப்பக் கூட்டம். வாங்க வேண்டியது: பிரிண்டர் மை, பேப்பர் கட்டு, அம்மாவுக்கு முட்டி வலித் தைலம்.

விழுப்புரத்திலிருந்து பழைய ஆபீஸ் பாபு போன். அடிக்க விட்டு, மெதுவாக எடுத்தேன்.

"அக்கா, சைட்டு புட்டுக்கிச்சு. புது சர்வருக்கு மாத்தினேன். எந்தப் பக்கத்தத் தொட்டாலும் இங்கிலீஷ்ல கோடு கோடா வருது. ஃபைலெல்லாம் அப்படியேதான்க்கா காப்பி பண்ணேன்."

"யாரு பேசறது?" என்றேன். தெரிந்தேதான்.

அவன் சொல்லி முடிக்கும் முன்பே காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. "எனக்கென்ன தெரியும்ப்பா" என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு கடைக்கு வந்த எல்லாரிடமும் இனிக்க இனிக்கப் பேசினேன். ஒருவருக்கு லேமினேஷன் இலவசம்.

ஜூன் 4, புதன்

காலையில் கரன்ட் இல்லை. சும்மா உட்கார்ந்ததில் எல்லாம் திரும்ப ஞாபகம். எழுதி வைக்கிறேன், ஆத்திரம் ஆறிவிடக் கூடாது.

த.சே. விழுப்புரத்தில் திருமணத் தகவல் மையம் வைத்திருக்கிறவர். தனசேகர் என்று முழுப் பெயரை எழுதக் கை வரவில்லை. பாபு அவருடைய மச்சான். அவர்கள் சைட்டைக் கட்டியது நான்.

கட்டும்போதே த.சே. எண் கணித ஜோசியரிடம் ஓடினார். பக்கத்தின் பெயர் பி.எச்.பி. என்று முடிந்தால் கூட்டுத்தொகை ஆகாதாம், ஒரு சம்பந்தமும் கூடி வராதாம். எல்லாப் பக்கமும் சுபம் என்று முடிய வேண்டுமாம். ஆக, ஜாதகம் டாட் சுபம், பொருத்தம் டாட் சுபம். உலகத்தில் எந்த சர்வருக்கு டாட் சுபம் தெரியும்? பி.எச்.பி. என்று முடிந்தால், கேட்டவருக்கு ஏற்ற பக்கத்தை அந்த நிமிடமே சமைத்துப் பரிமாறும். தெரியாத வால் என்றால் சமைக்காது. அரிசி பருப்பை அப்படியே தட்டில் வைத்து நீட்டிவிடும். அதனால் சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: சுபம் என்று முடிவதையும் பி.எச்.பி. போலவே ஓட்டு.

அந்த வரி சைட் இருக்கும் ஃபோல்டரில் கிடையாது. பாபு ஃபோல்டரை மட்டும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறான்.

சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகாது. ஆனால் மாசி மாதக் கூட்டம்? பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் மண்டபத்தில். பாண்டிச்சேரியில் வேறொரு சென்டரிலிருந்து நம் மையத்தில் பதிந்த பெண்களின் வீட்டுக்கெல்லாம் போன் போய்க்கொண்டிருந்த சமயம். த.சே. மைக்கைப் பிடித்தார்.

"நம்ம பொண்ணுங்க போட்டோவையும் நம்பரையும் வெளிய குடுத்துக்கினு இருந்தது வேற யாரும் இல்லிங்க. நம்ம ஆபீஸ்ல உக்காந்துக்கினு இருந்த சுமதிதான். நிறுத்திட்டேன்."

நான் மேடைக்குப் பக்கத்திலேயே லேப்டாப்போடு. ஒரு படம்கூட நான் யாருக்கும் கொடுத்ததில்லை. பிறகு விழுப்புரத்தில் எங்கேயும் வேலை இல்லை. என்னைப் பெண் பார்ப்பதாக இருந்த செஞ்சி வீட்டார் வரவில்லை. அம்மாவே கேட்டாள், "தெரியாத்தனமா குடுத்துட்டியாடி?" அதுதான் இன்னும் எரிகிறது.

இந்த ஞாயிறு அடுத்த கூட்டம். வரன் பார்ப்பது, டோக்கன் எடுப்பது எல்லாம் அந்த சைட்டில்தான். நிற்கட்டும், வெறுங்கையோடு.

ஜூன் 5, வியாழன்

அம்மா மல்லாட்டை அவித்தாள். கடலையில் உப்பு கூடுதல்.

மத்தியானம் த.சே.யே போன். குரலில் தேன்.

"பழச மனசுல வெச்சுக்காத சுமதி. ஜல்தியா அத சொல்லிடும்மா."

"ஞாயித்துக்கிழமை மைக்குல சொல்லுங்க சார், சுமதி குடுக்கலன்னு. அந்த நிமிஷமே சொல்லிடறேன்."

"இன்னா, அத்தினி பேரு முன்னாடி நான் எப்படி..."

"என்னப் பத்தி அத்தினி பேரு முன்னாடிதான சொன்னீங்க?"

வைத்துவிட்டார். வேறு ஆளைப் பிடிப்பார். பிடிக்கட்டும். யாரைக் கேட்டாலும் முதலில் பேரை பி.எச்.பி. என்று மாற்றச் சொல்வான். மனிதர் சைட்டை விட்டாலும் விடுவார், ஜோசியரை விட மாட்டார்.

ஜூன் 6, வெள்ளி

பேப்பர் கட்டு வாங்க மறந்தேன்.

பொம்மையார்பாளையம் செல்வி போன். பாண்டியில் நர்ஸ். மையத்தில் வரன் தேடிப் பதிந்தவள். மாசிக் கூட்டத்தில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்த ஒரே ஆள்.

"அக்கா, சைட்டு என்னாக்கா இப்டி கீது? போட்டோ குடுக்கவே எங்கம்மா பயந்துச்சு. யாராச்சும் எடுத்து வேற எதுலயாச்சும் போட்டுட்டா வார்டுல நான் எப்டிக்கா தல காட்டுவேன்?"

"ஒண்ணும் ஆவாது" என்றேன். வைத்ததும் சைட்டைத் திறந்தேன். அரிசி பருப்போடு வீட்டுச் சாவியையும் தட்டில் வைத்திருக்கிறது. பெண்களின் படம், நம்பர், விலாசம் எல்லாம் இருக்கும் தகவல் தளத்தின் பாஸ்வேர்டு, பார்க்கிறவர் கண்ணுக்கெல்லாம் பளிச்சென்று. மூன்று நாளாக நான் சிரித்துக்கொண்டிருந்தது இதற்குத்தானா?

பாபுவுக்கு நானே போன் செய்தேன். முதலில் பாஸ்வேர்டை மாற்ற வைத்தேன். பிறகு எழுதிக்கொள்ளச் சொல்லி ஒரு வரியை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். போட்டான். இப்போது எந்தப் பக்கத்தைத் தொட்டாலும் 'அனுமதி இல்லை' மட்டும்.

"அக்கா, கோடு போயிட்ச்சு. ஆனா ஓடலியே?"

"ஓட்டறதுக்கா சொன்னேன்? சாத்தறதுக்குச் சொன்னேன். சுபம்னு முடியறத யாருக்கும் குடுக்காதன்னு அர்த்தம். இத எடுத்தா மறுபடியும் எல்லாம் தெருவுக்கு வந்துரும். உங்க மாமாகிட்ட சொல்லு."

பெண்கள் பத்திரம். அவர் கடை பூட்டு. சோறு இறங்கியது.

ஜூன் 7, சனி

புழுக்கம். மேகம் கூடிக் கூடிக் கலைகிறது.

த.சே. வீட்டுக்கே வந்தார். ஆப்பிள், சாத்துக்குடி. நான் என்ன ஆஸ்பத்திரியிலா படுத்திருக்கிறேன்? அம்மா காபி வேறு போட்டுக் கொடுத்தாள். நல்ல டம்ளரில்!

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "மன்னிச்சிடும்மா" என்றார்.

"இங்க வேணாம் சார். மைக்கு."

"பக்கத்தோட பேர மாத்திடலாங்கறான் பாபு. ஜோசியர் ஒத்துக்கல. பெரிய பேஜாரு."

சிரிக்காமல் இருக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டேன். சரி, மைக்கிலேயே சொல்கிறேன் என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்.

அம்மா: "வூடு தேடி வந்துட்டாரு. உட்டுக் குடேன்டி."

"அந்த மைக்கு உனக்கும் சேத்துதாம்மா." அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சாத்துக்குடியை நான் தொடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

விடியற்காலையில் தூறல். வேண்டுமென்றே நல்ல புடவை, பச்சை. விழுப்புரம் பஸ்ஸில் ஜன்னல் சீட்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. சைட் இல்லாததால் பேப்பரைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு ஒரே கூச்சல். பாபு வியர்த்துக்கொண்டு இங்கும் அங்கும். பார்க்கக் குளிர்ச்சியாக இருந்தது.

த.சே. கெட்டிக்காரர். சாப்பாட்டு நேரத்தில் மைக் எடுத்தார். "பந்தி ரெடிங்க" என்றார். நாற்காலிகள் தடதடக்கும்போது வாய்க்குள்ளேயே, "சுமதி மேல சொன்னது தவறுதலா ஆயிட்ச்சு."

இறங்கி வந்தார். "சொல்லிட்டேன்ல. அந்த வரிய அனுப்பு."

"யாருக்குக் கேட்டுச்சு? பந்தி முடிஞ்சு சொல்லுங்க சார். நானும் சாப்ட்டு வர்றேன்."

சாப்பிட்டேன். வத்தக்குழம்பு பிரமாதம். பாயசம் இன்னொரு தரம் கேட்டு வாங்கினேன். அவர் தூண் ஓரமாகவே நின்றார்.

எல்லாரும் வெற்றிலை போட்டு உட்கார்ந்த பிறகு மறுபடி மைக். இந்த முறை சத்தமாக.

"சுமதி நம்ம பொண்ணுங்க விவரத்த யாருக்கும் குடுக்கல. அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க."

பொய் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். தலைகள் திரும்பின. கண்ணில் நீர் முட்டியது, சனியன், இந்த நேரம் பார்த்து. அனுப்பப் போனை எடுத்தேன்.

கோலியனூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அப்ப குடுத்தது யாருங்க?"

இத்தனை மாதத்தில் இதை நான் ஒரு தரம்கூட நினைத்ததில்லை. நான் இல்லை, நான் இல்லை என்றே ஓடிவிட்டது. நம்பர் எல்லாம் இருந்த அந்த ஆபீஸில் என்னை விட்டால் இரண்டே பேர்.

த.சே. பாபுவைப் பார்த்தார். பாபு த.சே.யைப் பார்த்தான். பின்வரிசையில் இன்னும் நாலைந்து பேர் எழுந்தார்கள்.

அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இவர்களில் எவனுக்கு அனுப்புவது? போனைப் பையில் போட்டுக்கொண்டு அந்த அம்மா பக்கத்தில் போய் நின்றேன்.